உயரச்சாட்டக் கேஸ்

தெற்கு மண்டல உயரச்சாட்ட விகசன சமிதிக்கு, அதாவது வளர்ச்சிக் குழுவுக்கு, பதினேழு நிர்வாகிகள், மூன்று துணைக்குழுக்கள், ஒரு ஜீப், ஒரு மெத்தை. சாட்டம் என்றால் வேறொன்றுமில்லை, தாண்டுவதுதான். மலையாளத்திலும் அதுதான், நாகர்கோவில் பக்கத்துத் தமிழிலும் அதுதான். கம்பிக்கு மேலே எம்பிப் போகிற பிள்ளை மறுபக்கம் மல்லாந்து விழுவதற்காக உலகம் முழுக்க இந்த மெத்தையைச் செய்கிறார்கள். சமிதி மட்டும் அதன்மேல் ஒருவரும் விழக்கூடாது என்று வைத்திருந்தது. விழுந்தால் குழி விழுமாம். பதினொரு வருடம் மனுப் போட்டு வரவழைத்த மெத்தை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஈட்டிமூடு அரசுப் பள்ளியின் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தது. வருடத்துக்கு ஒருமுறை செயலாளர் தங்கப்பன் சார் திருவனந்தபுரத்திலிருந்து ஜீப்பில் வருவார். பூட்டைத் திறந்து பார்ப்பார். "மெத்தை சுகமாயிரிக்குன்னு" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுச் சோறு தின்னப் போவார்.

இசக்கிசெல்வி மணலில் விழுந்துதான் சாடினாள். வித்துராவைத் தாண்டிப் பொன்முடி ரோட்டில் இருக்கிற ஈட்டிமூட்டில் அவள் பத்தாம் வகுப்பு. அப்பா உச்சிமாகாளி சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து இருபது வருடமாகச் சுவர் பூசுகிறவர். 2020 ஜனவரியில் உபஜில்லாப் போட்டியில் ஒரு மீட்டர் ஐம்பத்திரண்டு தாண்டினாள். விழுந்த வேகத்தில் முழங்கால் சொந்த முகத்திலேயே இடித்து உதடு கிழிந்துவிட்டது. ஜிஜி டீச்சர், அதாவது பள்ளியின் விளையாட்டு டீச்சர், ஒரு கையால் துணியை வைத்து ரத்தத்தை அமுக்கிக்கொண்டு இன்னொரு கையால் டேப் பிடித்தாள்.

"இன்னும் மூணு சென்டிமீட்டர்டீ. ஓணத்துக்கு முன்னால ஐம்பத்தஞ்சு சாடினா ஹாஸ்டல் சீட்டு உனக்குத்தான்."

நகரத்தில் விளையாட்டு ஹாஸ்டல் ஒன்று இருந்தது. மலைப்பக்கத்துக்கு என்று உயரச்சாட்டத்தில் ஒரே ஒரு சீட். அது கிடைத்தால் பிளஸ் டூ வரை சோறும் படிப்பும் சாட்டமும் அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் ராஜபாளையத்தில் பஞ்சாலை. மாமன் பேசி முடித்து வைத்திருந்தார். பஞ்சாலைக்குப் போன பெரியம்மா மகள் இருமி இருமியே போனில் பேசுவாள். அந்த இருமல் சத்தம் கேட்டாலே இசக்கிசெல்வி போனை அப்பாவிடம் நீட்டிவிடுவாள்.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஊர் அடங்கியது, சமிதி அடங்கவில்லை. அதுவரை வருடத்துக்கு ஒரு சுற்றறிக்கை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாரத்துக்கு மூன்று போட ஆரம்பித்தார்கள். முதல் சுற்றறிக்கை: வீரர்கள் அனைவரும் அவரவர் வீட்டுக்குள்ளேயே சாட வேண்டும். இசக்கிசெல்வி நல்ல பிள்ளை, சொன்னபடி கேட்டாள். அவர்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு உயரம் போதவில்லை. தலையில் ஏழு தையல். கூரையில் ஒரு ஓட்டை.

இரண்டாவது சுற்றறிக்கையைத் தங்கப்பன் சார் தாமே ஜூமில் வந்து விளக்கினார். வீரருக்கும் கம்பிக்கும் இடையே எந்நேரமும் இரண்டு மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்றார். தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்த இசக்கிசெல்வி கையைத் தூக்கினாள்.

"சார், கம்பிக்கு மேல போகும்போளுமா?"

"எந்நேரமும்னா எந்நேரமும் ஆக்கும்."

"அப்போ மூணரை மீட்டர் சாடணுமே சார். ஆணுங்ககூட உலகத்துல ஒருத்தரும் அவ்வளவு சாடினதில்லியே."

"அது அவங்களோட பிரச்சினை குட்டி. நம்ம பிரச்சினை நியமம். நான் இந்தச் சமிதியில இருபத்திரண்டு வருஷமா இருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு நியமமும் மீறினதில்ல. ஒரு பிள்ளையும் ஜெயிச்சதில்ல, அது வேற விஷயம்."

துணைக்குழுக்காரர்கள் பதினாறு சதுரத்துக்குள்ளிருந்து கை தட்டினார்கள்.

அப்புறம் மெத்தைக்கு வருவோம். மே மாதம் ஈட்டிமூடு பள்ளியைத் தொற்று பார்க்கிற மையமாக மாற்றினார்கள். கட்டில் இருந்தது, மேலே விரிக்க மெத்தை இல்லை. தங்கப்பன் சார் மெத்தையைத் தானம் செய்ய வந்தார். மைக் வைத்துப் பேசினார்: "இந்த மெத்தை வந்த நாள்முதல் ஒரு அத்லெட்டும் இதத் தொட்டதில்ல. அந்த அளவுக்கு நாங்க காத்துப் பத்திரமா வச்சோம்." ரப்பர் மரம் அறுக்கிற வாளால் எட்டுத் துண்டாக அறுத்தார்கள். எட்டுப் பேர் படுத்துக் குணமாகி எழுந்து போனார்கள். உடனே மெத்தைக்குத் தொற்று என்று முடிவாயிற்று. தங்கப்பன் சார் மறுபடி ஜீப்பில் வந்து, பள்ளி மைதானத்தில் எட்டுத் துண்டையும் அடுக்கி, தாமே பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். கரும்புகை மூன்று நாள் நின்றது. இசக்கிசெல்வி ரப்பர்த் தோட்டத்துக்குள் நின்று பார்த்தாள். அதில் ஒரு தடவை விழுந்து பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது, பாவம்.

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். வேலை நின்று போன பாதிக்கட்டு வீடு ஒன்றின் பின்னால் சிமென்ட் சாக்குகளில் ரப்பர்ச் சருகை அடைத்து அடுக்கினார். இரண்டு சவுக்குக் கம்பு நட்டு மூங்கிலைக் குறுக்கே வைத்தார். சருகுக்குள் தேள் இருந்தது; இரண்டு தடவை கொட்டியது. ஒரு தடவை மூங்கில் முறிந்து சிம்பு தொடையில் விரல் நீளத்துக்கு ஏறிவிட்டது. அப்பா பல்லால் கடித்து உருவினார். இவள் சாக்கைக் கடித்துக்கொண்டு கத்தாமல் கிடந்தாள். ஜூலை கடைசியில் ஒரு மீட்டர் ஐம்பத்தாறு. அப்பா தன்னுடைய பூச்சுவேலை டேப்பால் மூன்று தடவை அளந்தார்.

"ஏட்டி, சீட்டு உனக்குத்தாம்ட்டி!"

எங்கே! சமிதி கொரோனாச் சலுகை என்று ஒரு சுற்றறிக்கை போட்டிருந்தது. அரசு ஊழியர் ஒருவர் அளந்து, இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்த சாட்டம் எங்கே நடந்தாலும் செல்லும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வில்லேஜ் ஆபீசரிடம் போனார்கள். அவர் ஜன்னல் வழியாகவே சொன்னார்: "என் ரிஜிஸ்டர்ல நிலம்தான் உண்டு. நிலத்துக்கு மேல காத்துல நடக்கறது என் அதிகாரத்துல வராது." மின்சார ஆபீசில் ஓவர்சியர் கம்பி என்றதும் ஆவலோடு எழுந்து வந்தார். கரண்ட் இல்லாத கம்பி என்று தெரிந்ததும் திட்டி அனுப்பினார்.

கடைசியில் ஜிஜி டீச்சர் சண்டை போட்டுச் சமிதியிடமிருந்து ஒரு பாஸ் வாங்கினாள். நகரத்துக்கு வந்தால் தங்கப்பன் சார் தாமே அளப்பார். பஸ் கிடையாது. விடியக்காலம் அப்பாவும் மகளும் நடக்கத் தொடங்கினார்கள். வித்துராவுக்கு முன்னாலேயே செக்போஸ்ட்.

இங்கேதான் அந்தப் பாழாய்ப்போன சொல் வேலையைக் காட்டியது. மலையாளத்தில் சாடுவது என்றால் தாண்டுவது மட்டுமில்லை, தப்பி ஓடுவதும்தான். ஜெயிலிலிருந்து ஓடினவன் ஜெயில் சாடியவன். அந்த வாரம் பேப்பர் முழுக்க குவாரண்டைன் சாடியவர்கள் படம்தான். செக்போஸ்டில் எஸ்.ஐ. ஜெயன் மூன்று நாளாகத் தூங்காமல் நின்றிருந்தார்.

"எங்கோட்டாடா?"

"பிள்ளையச் சாட வைக்கப் போறேன் சார்."

"எந்து?"

"எம்மக சார். அஞ்சு மாசமா ஒளிச்சு வச்சு டிரெய்னிங் குடுத்துருக்கேன். நல்லாச் சாடுவா. ஆபீசர் கண்ணு முன்னாலயே சாடிக் காட்டுவா, பாருங்க."

எஸ்.ஐ. பாஸை வாங்கிப் படித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. "சாட்டப் பரிசீலனத்தினு போகுன்னு," என்று சத்தமாக வாசித்தார், சாட்டப் பயிற்சிக்குப் போகிறார்கள் என்று. "டேய் மஹேஷே, இங்கே வா. இவனுங்க சாடறதுக்கு ஒரு சமிதியே வச்சிருக்கானுங்க! செக்ரட்டரி உண்டு, சீல் உண்டு!"

"அப்பா சொன்னது அந்தச் சாட்டமல்ல சார், ஹைஜம்ப் ஆணு..." என்று இசக்கிசெல்வி சொல்லி முடிப்பதற்குள் முதல் அடி அப்பாவின் தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். மூன்றாவது அடிக்கு அவர் கையை உயர்த்தினார். நான்காவதும் அதே மணிக்கட்டில். எலும்பு சத்தம் போட்டது அவளுக்குக் கேட்டது. அப்பா ரோட்டில் மண்டியிட்டுக்கொண்டு, அப்போதும் விளக்குவதை விடவில்லை. "ஒசரமாச் சாடுவா சார்," என்றார். ஐந்தாவது அடி வாயில்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அவளைக் குவாரண்டைன் சாடியவள் என்று பள்ளிக்கூட மையத்தில் அடைத்தார்கள். தன்னுடைய வகுப்பறையிலேயே, தன்னுடைய பெஞ்சுக்குப் பக்கத்திலேயே படுத்தாள். தொற்று இல்லை என்று ரிசல்ட் வந்தது. பதினான்கு நாள் முடியாமல் விடமாட்டோம் என்றார்கள். ஓணத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. அவள் நாட்களைக் கரும்பலகையில் கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் அப்பா வந்தார். வலது கையில் மாவுக்கட்டு, இடது கையில் தூக்குவாளி. கேட்டில் காவல் நின்றவன் அதே கான்ஸ்டபிள் மஹேஷ்.

"சோறு கேட்டுல வச்சிட்டுப் போடா."

"ஒரு தடவ மொகத்த மட்டும் பாத்துட்டுப் போறேன் சார்."

மஹேஷ் தூக்குவாளியை உதைத்தான். சோறும் மீனும் ரோட்டில் சிதறின. அப்பா குனிந்து மீனைப் பொறுக்கப் போனார். லாத்தி அந்த மாவுக்கட்டுக் கையிலேயே இறங்கியது. அப்பா போட்ட கூச்சல் வகுப்பறைக்குள் வந்தது.

இசக்கிசெல்விக்கு அப்புறம் நடந்தது எதுவும் சரியாக நினைவில்லை. வராந்தாவிலிருந்து ஓடினாள். ஒன்பது எட்டு எடுத்து வைத்து, எப்போதும் போல வளைந்து. எதிரே மதில். கேட் திறந்திருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. இடது காலை ஊன்றி எம்பினாள், முதுகை வளைத்து மதிலுக்கு மேலே போனாள், மல்லாந்து இறங்கினாள். அடியில் ரோடு இல்லை, மஹேஷ் இருந்தான். அவனுடைய காறையெலும்பு முறிந்தது, இரண்டு பல் போயிற்று, லாத்தியும் இரண்டாகிவிட்டது. அவள் எழுந்து அந்த அரை லாத்தியை எடுத்து அவன் முழங்காலில் ஓங்கி இரண்டு போட்டாள். அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும். நன்றாகத்தான் போட்டாள்.

எஸ்.ஐ. ஜெயன் வந்து சம்பவ மகஸர், அதாவது நடந்த இடத்தின் அறிக்கை, எழுதினார். அவர் முறையான ஆள். மதிலை அளந்தார்: ஒரு மீட்டர் அறுபத்தொன்று. டீக்கடைக்காரனும் பால்காரனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். 'மேற்படியாள் மேற்படி மதிலைத் தொடாமல் சாடினாள்' என்று எழுதி, ஸ்டேஷன் முத்திரை குத்தினார். அப்பாவுக்கும் ஒரு கேஸ், சாடத் தூண்டியதற்கு.

மகஸர் நகலைப் படித்த ஜிஜி டீச்சர் ஸ்டேஷன் வாசலிலேயே குதித்தாள். "சார் அளந்திருக்கு! சாட்சி உண்டு! சீல் உண்டு! அறுபத்தொண்ணு!"

எஸ்.ஐ.க்கு இவளுக்குப் பைத்தியமோ என்று தோன்றியது.

சமிதியின் தொழில்நுட்பத் துணைக்குழு மூன்று மணி நேரம் ஜூமில் கூடியது. உயரத்தில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. விழுந்த இடத்தில்தான் சிக்கல். விழும் பரப்பு ஐந்து மீட்டருக்கு மூன்று மீட்டர் இருக்க வேண்டும் என்பது நியமம். கான்ஸ்டபிள் மஹேஷின் நீள அகலத்தைக் கேட்டு ஸ்டேஷனுக்குக் கடிதம் போனது. ஒரு உறுப்பினர், மஹேஷுக்கு உறை போட்டிருந்ததா என்று கேட்டார். யூனிஃபார்ம் போட்டிருந்தார் என்று பதில் வந்தது. கடைசியில், நேரில் ஒருமுறை பார்த்துத் திருப்திப்பட்டால் சான்றிதழ் தரலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

எஸ்.ஐ.க்கும் அதே தேவை இருந்தது. கேஸ் என்றால் தெளிவெடுப்பு வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட ஆளைச் சம்பவ இடத்துக்குக் கொண்டுவந்து, செய்ததை மறுபடி செய்து காட்டச் சொல்வார்கள், டி.வி.க்காரர்கள் படம் பிடிப்பார்கள். ஒரே நாளில் இரண்டையும் முடிப்பதாக ஏற்பாடு. ஓணத்துக்கு முந்தின நாள்.

"பதினஞ்சு வயசுக் குட்டியைத் தெளிவெடுப்புக்குக் கொண்டுவரக் கூடாது சார், சட்டமுண்டு," என்றாள் ஜிஜி டீச்சர்.

"இது தெளிவெடுப்பல்ல டீச்சரே. ஸ்போர்ட்ஸ் மீட்," என்றார் எஸ்.ஐ.

"கொரோனா காலத்துல ஸ்போர்ட்ஸ் மீட் நடத்தலாமா?" என்று கேட்ட நிருபரிடம் தங்கப்பன் சார் கையைக் கூப்பினார். "அய்யோ, மீட் அல்ல கேட்டோ. தெளிவெடுப்பு."

ரோடு நிறையக் கூட்டம். மதிலுக்கு அந்தப் பக்கம் ரோட்டோர ஓடையைக் கட்ட ஜல்லி கொட்டியிருந்தார்கள். சாக்கு போட்டு வைக்கலாமா என்று டீச்சர் கேட்டதற்கு, சம்பவ நாளில் சாக்கு இல்லை என்று எஸ்.ஐ. மறுத்தார். சம்பவ நாளில் இருந்தது மஹேஷ்தான். தோளில் தூளி கட்டியிருந்த மஹேஷைச் சாக்பீஸால் வட்டம் போட்டு அதில் நிறுத்தினார்கள். அவன் அழாத குறையாக நின்றான்.

இசக்கிசெல்வி வராந்தாவில் நின்றாள். ஒரு பெண் போலீஸ் அவள் தோளைப் பிடித்திருந்தாள். அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. தாண்டினால் போலீஸைத் தாக்கிய கேஸ் உறுதி; அப்பாவும் உள்ளே போவார். மதிலில் முட்டி விழுந்தால் கேஸ் நிற்காது. சீட்டும் நிற்காது, ராஜபாளையம்தான். அப்பாவைப் பார்த்தாள். அவர் கேட்டுக்கு அப்பால், வீங்கின வாயோடு நின்றார்.

"சாடுட்டி," என்றார். "கேஸ நான் பாத்துக்கிடுதேன். நீ சாடு மக்கா."

பெண் போலீஸ் கையை எடுத்தாள். ஒன்பது எட்டு. இந்தத் தடவை கோபம் இல்லை. ஒவ்வொரு எட்டும் அவளுக்குத் தெரிந்தே விழுந்தது. எம்பின நேரத்தில் உடம்பு இலேசாக இருந்தது. மதிலுக்கும் அவள் முதுகுக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் தெரிந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அவள் பிறந்ததிலிருந்து அவ்வளவு உயரம் போனதில்லை.

கீழே மஹேஷ் வட்டத்தை விட்டு விலகிவிட்டான். யாரைக் குற்றம் சொல்ல, அவனுக்கும் காறையெலும்பு ஒன்றுதானே மிச்சம். அவள் ஜல்லியில் விழுந்தாள். இடது கால் ஓடையின் கல்விளிம்பில் பட்டு முழங்காலுக்குக் கீழே மடங்கியது. மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியது. தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஏதோ வெளியே வந்தது.

சாட்டம் செல்லும் என்று தங்கப்பன் சார் வெள்ளைக்கொடியை உயர்த்தினார். கூட்டம் கை தட்டியது. "தெளிஞ்சு," அதாவது குற்றம் ருசுவாயிற்று என்று எஸ்.ஐ. நோட்டில் எழுதினார். ஜிஜி டீச்சர் அழுதுகொண்டே ஹாஸ்டல் படிவத்தைத் தங்கப்பன் சாரிடம் நீட்டினாள். அவர் பேனாவைத் திறந்தார். திறந்தவர் நின்றார்.

"ஒரு டெக்னிக்கல் விஷயம். குட்டி சாடினப்போ ஆரோட கஸ்டடியில?"

"எங்க கஸ்டடிதான்," என்றார் எஸ்.ஐ.

"நாற்பத்தொண்ணாம் நியமம். ஒரு ஸ்தாபனத்தோட கஸ்டடியில இருக்கற ஆள் சாடினா, அந்தச் சாட்டம் அந்த ஸ்தாபனத்துக்குச் சொந்தம். ஹாஸ்டலுக்காக நானே எழுதினது. அப்ப இது போலீஸோட சாட்டம். ஒரு மீட்டர் அறுபத்தொண்ணு, மலைப்பக்கத்துக்கே ரெக்கார்டு. கங்கிராஜுலேஷன்ஸ் ஜெயன்!"

எஸ்.ஐ. கேமரா எங்கே என்று பார்த்தார். அப்புறம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். டி.வி.க்காரர்கள் கேமராவை அவர் பக்கம் திருப்பினார்கள். மஹேஷும் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

"அப்போ ஹாஸ்டல் சீட்டு?" டீச்சரின் குரல் கீச்சிட்டது. "இந்த ஒரு வருஷம் விட்டா குட்டிக்குப் பின்னே சீட்டே இல்ல சார்!"

"சீட்டு எங்கயும் போகாது டீச்சரே. போலீஸ் ஒரு பெண்குட்டியை நாமினேட் பண்ணட்டும்."

உச்சிமாகாளி ஜல்லியில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் எடுத்து வைத்திருந்தார். வேட்டியெல்லாம் ரத்தம். இசக்கிசெல்வி அவர் சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் யாரையும் திட்டவில்லை. தெரியாத விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டார்.

"கேஸு யாருக்கு சார்?"

"கேஸ் குட்டிக்குத்தான். உனக்கும்," என்றார் எஸ்.ஐ., கேமராவைப் பார்த்தபடி.

"சாட்டம் ஒங்களுக்கு. கேஸு எங்களுக்கு. அப்போ இந்தக் காலு சார்?"

தங்கப்பன் சார் குனிந்து பார்த்தார். பைக்குள்ளிருந்து நியமப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டி, இரண்டு பக்கம் புரட்டினார்.

"அத நீங்களே கொண்டுபோய்க்கோங்க," என்றார். "காலுக்குச் சமிதியில நியமம் ஒண்ணும் இல்ல."